நான்கு புள்ளி ஒன்று, பத்தி மூன்று

"சட்டம் படிக்கியா தங்கச்சி?" என்று கேட்டார் செந்தூர்வேல்.

"இல்ல அண்ணாச்சி. எம்.எஸ்சி. ஜூவாலஜி."

"பூச்சி, பாம்பு."

"நத்தை. கடல் நத்தை" என்றாள் விஜிலா.

செந்தூர்வேல் சிரித்தார். அவர் கப்பல் ஏஜென்ட். தூத்துக்குடிக்கு வருகிற வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் தண்ணீர், டீசல், காய்கறி, அரசாங்க முத்திரை என்று எல்லாவற்றையும் கரையில் நின்று ஏற்பாடு செய்து கொடுக்கிற தொழில். அதில் இருபது வருடம் ஊறிய சிரிப்பு அது. வாய் விரியும், கண் கைப்பேசியை விட்டு நகராது. இந்த மனுஷர் ஓட்டல் மெனு கார்டைவிட நீளமான எதையும் கடைசிவரை படித்திருக்க மாட்டார் என்று விஜிலா முடிவு கட்டினாள். ஒருவரைப் பற்றி முடிவு கட்ட அவளுக்கு அரை நிமிடம் போதும். இருபத்திரண்டு வயதில் இவ்வளவு இளக்காரம் ஆகாது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

காலை ஒன்பது நாற்பது.

அவள் தன் கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் அவளுடைய அண்ணன் ரெக்ஸின் வலது கை. ஐந்து நாளைக்கு முன்னால் சரக்கறையின் இரும்பு மூடி விழுந்து மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. கேப்டன் மருந்துப் பெட்டியைத் திறந்து நாலு மாத்திரையும் ஒரு கட்டும் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டார். இன்று விடியற்காலை ரெக்ஸ் அனுப்பிய படத்தில் கை முழங்கைவரை பூசணிக்காய் மாதிரி இருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. 'நூத்தி மூணு காய்ச்சல். அம்மாட்ட சொல்லாத' என்று கீழே ஒரு வரி.

கப்பலின் பெயர் எம்.வி. லூனா பிரைட். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. தண்ணீரும் டீசலும் ஏற்றிக்கொண்டு மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். அடுத்த கரை ஆப்பிரிக்கா. பதினோரு நாள்.

"பதினோரு நாள் இந்தக் கை தாங்காது அண்ணாச்சி. இறக்கி விடுங்க. ஆம்புலன்ஸ் நான் கொண்டாரேன்."

"நான் இறக்கவா ஏத்தவா? கேப்டன் சம்மதிக்கணும். ஓனர் சம்மதிக்கணும். ஆளை இறக்கினா மாத்தாள் வேணும், அதுக்கு ரெண்டு நாள் நிக்கணும். அடுத்த போர்ட்ல பாத்துக்கிடலாம்னுட்டாவ."

"சர்வதேசச் சட்டம்னு ஒண்ணு கெடக்குல்லா?"

செந்தூர்வேல் முதல்முறையாகக் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த முகம்.

"என்ன கொடி அந்தக் கப்பல்? தெரியுமா? ஒரு தீவு. வரைபடத்துல ஈ உக்காந்தா மறைஞ்சிரும். கப்பல்ல ஏறினா அந்தக் கொடிக்காரன் சட்டம்தான். கடலோடிகளுக்குன்னு எம்.எல்.சி.ன்னு ஒரு உடன்படிக்கை இருக்கு. அந்தத் தீவு அதுல சேரவே இல்ல. பிறகென்ன சட்டம்? நீ போயி நத்தையப் பாரு."

சொன்ன விதத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் விஜிலாவுக்கு எரிந்தது.

அடுத்த நிறுத்தம், கடலோடிகள் சங்கம். செயலாளர் பர்னபாஸ் அவளுக்குத் தூரத்து மாமா. முப்பது வருடம் கப்பலில் சுக்கான் பிடித்துவிட்டு இப்போது சங்கத்தைப் பிடித்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் லேமினேட் செய்த நான்கு தாள்கள் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றின் மூலையிலும் சங்கத்தின் ஊதா முத்திரை.

"வா மக்கா. ஜெனீவாவுல போட்ட ஒப்பந்தம் இது" என்று தாள்களை இறக்கினார் மாமா. "காயம்பட்ட கடலோடிய வார துறைமுகத்துல இறக்கி வைத்தியம் பாக்கணும். தெளிவா எழுதிருக்கு. இதைக் காட்டித்தான் எத்தனை கம்பெனிய நடுங்க வச்சிருக்கேன் தெரியுமா?"

"மாமா, அவர் கொடி கொடிங்காரே."

"அவன் கெடக்கான் கொள்ளைல போறவன். போனைப் போடு."

ஸ்பீக்கரில் போட்டார்கள். பர்னபாஸ் பிரசங்கம் வைப்பதுபோல் ஒரு பத்தியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மறுமுனையில் செந்தூர்வேல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிச்சிட்டீங்களா அண்ணாச்சி? அது எண்பதுகள்ல எழுதினது. அதுல நம்ம இந்தியாவே சேரல. லேமினேஷன் கெட்டியா இருக்குல்லா? கரண்ட் போனா விசிறிக்கிடுங்க."

வைத்துவிட்டார்.

பர்னபாஸ் தாள்களைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். "அவன் கெடக்கான். நான் ஒரு மனு டைப் அடிக்கேன். கலெக்டர், மந்திரி, தூதரகம், பேப்பர்காரன், பதினாலு பேருக்கு அனுப்புவோம். ரோமாபுரிக்கும் ஒரு காப்பி போட்டுருதேன்."

"கப்பல் ஆறு மணிக்குப் போவுது மாமா."

"மனு போய்ச் சேரும்லா."

பதினைந்து வருடமாக அந்தத் தாள்கள் சுவரில் தொங்குகின்றன. அதில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று இந்த மனுஷர் ஒரு நாள்கூடத் தேடிப் பார்க்கவில்லை. முத்திரை குத்தத்தான் நேரம் இருந்திருக்கிறது. விஜிலா மாமாவுக்கு வணக்கம் சொல்லாமல் படியிறங்கினாள்.

படியிலிருந்தே கிளைட்டனுக்குப் போன் செய்தாள். சித்தி மகன். திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறான், இரண்டாம் வருடம். வீட்டு விசேஷங்களில் கறுப்புக் கோட்டோடுதான் போட்டோவுக்கு நிற்பான்.

"விஜிக்கா, இன்டர்நேஷனல் லா எங்களுக்கு அடுத்த செமஸ்டர்லதான் வருது."

"கப்பல் இந்த செமஸ்டர்லயே போவுதுலே."

"இருங்க, ஏ.ஐ.ல கேட்டுச் சொல்லுதேன்." ஒரு நிமிடத்தில் செய்தி வந்தது. 'எம்.எல்.சி. ஒப்பந்தம், உறுப்பு 47, துணைப்பிரிவு 3: காயமுற்ற கடலோடியை எந்தக் கொடியுள்ள கப்பலும் 24 மணி நேரத்துக்குள் கரையிறக்க வேண்டும்.' கீழே ஒரு கட்டை விரல் படம்.

அழகான வாசகம். மனப்பாடம் செய்துகொள்ளலாம் போல இருந்தது. அதுவே விஜிலாவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

மணி பதினொன்று பத்து. கல்லூரிக்கு ஆட்டோ பிடித்தாள்.

ஆய்வகத்தில் அவள் மேஜை முழுக்க நத்தை ஓடுகள். விசைப்படகு வலையில் மீனோடு வந்து விழுகிற, யாரும் விலை கேட்காத நத்தைகளைப் பெயர் கண்டுபிடித்து அடுக்குவதுதான் அவள் ஆய்வு. கேட்பவர்களுக்கெல்லாம் சிரிப்பு வருகிற வேலை. ஆனால் அந்த வேலையில் ஒரு முரட்டுப் பழக்கம் உண்டு. ஒரு நத்தைக்கு ஐந்து காலத்தில் ஐந்து பேர் ஐந்து பெயர் வைத்திருப்பார்கள். நாலு செத்த பெயர், ஒன்று உயிருள்ள பெயர். பழைய புத்தகத்தில் இருக்கிறது என்று செத்த பெயரை எழுதினால் தேர்வாளர் தாளைத் தூக்கி எறிவார். அதனால் எவன் பட்டியலையும் நம்பக்கூடாது. முதன்முதலில் எழுதியவன் என்ன எழுதினான் என்று அவன் எழுத்திலேயே பார்க்கவேண்டும். அந்தப் பெயர் இன்றைக்கும் செல்லுமா என்று பார்க்கவேண்டும்.

சட்டத்துக்கும் அப்படி ஒரு பிறந்த வீடு இருக்கும்தானே?

இருந்தது. அந்த உடன்படிக்கையை எழுதியது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. வக்கீல் வலைப்பதிவுகள், பயிற்சி மையங்களின் விளம்பரம், 'பத்தே நிமிடத்தில் எம்.எல்.சி.' வீடியோக்கள் எல்லாவற்றையும் தாண்டி அந்த அமைப்பின் சொந்தத் தளத்துக்குப் போய்ச் சேர அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. காசு இல்லை, கடவுச்சொல் இல்லை. வாசல் திறந்தே கிடந்தது. ஒரு பக்கம் முழு வாசகம். இன்னொரு பக்கம் எந்த நாடு எந்தத் தேதியில் சேர்ந்தது என்ற பட்டியல். மற்றொரு பக்கம் திருத்தங்கள். இத்தனையும் உலகம் பார்க்கப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் கிளைட்டனின் உறுப்பு 47. உடன்படிக்கையில் மொத்தம் பதினாறு உறுப்புகள்தான். நாற்பத்தேழாவது உறுப்பு எந்த உலகத்திலும் இல்லை. கட்டை விரல் படத்துக்கு அவள் பதில் அனுப்பவில்லை.

அடுத்தது யாருக்குப் பொருந்தும் என்பது. மீன்பிடிப் படகுக்குக் கிடையாது. மரத் தோணி மாதிரிப் பாரம்பரியக் கலங்களுக்குக் கிடையாது. லூனா பிரைட் இரும்புச் சரக்குக் கப்பல். பொருந்தும்.

பிறகு வாசகம். உள்ளே நுழைந்ததும் தலை சுற்றியது. உறுப்பு என்று ஒன்று, ஒழுங்குவிதி என்று ஒன்று, தரநிலை என்று ஒன்று, வழிகாட்டுதல் என்று ஒன்று. எல்லாம் ஒரே எண்ணில் பங்காளிகள்போல் முறைத்துக்கொண்டு நின்றன. ஒரு பக்கத்தில் கடலோடிக்கு வைத்தியம் பார்ப்பதைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்ததைக் கண்டு துள்ளினாள். நகல் எடுத்தாள். அதற்கப்புறம்தான் முன்னுரைக் குறிப்பைப் படித்தாள். ஒழுங்குவிதியும் ஏ என்று தொடங்கும் பகுதியும் கட்டாயம். பி என்று தொடங்குவது வெறும் ஆலோசனை. அவள் நகலெடுத்தது பி. இதைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் செந்தூர்வேல் இன்னொரு தடவை நத்தையை விசாரித்திருப்பார். பி-யைத் தூக்கி எறிந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு நாட்டுப் பட்டியலைத் திறந்தாள். கொடிக்கார நாட்டின் பெயரை அடித்தாள்.

இல்லை.

எழுத்தை மாற்றி அடித்தாள். மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளிப் பார்த்தாள். இல்லை. செந்தூர்வேல் சொன்னது உண்மை. அந்தத் தீவு சேரவில்லை.

அப்போதுதான் ரெக்ஸ் கூப்பிட்டான். குரல் உலர்ந்திருந்தது.

"ஏளா விஜி, என்னாச்சி?"

"பாத்துட்டிருக்கேன் அண்ணே. தண்ணி குடிச்சியா?"

"குடிச்சாலும் நிக்கல. கேப்டன்ட்ட கேட்டேன். கொடிய காட்டுதான். பேசாமப் படுன்னுட்டான். கை கனக்குது விஜி. யார் கையோ மாதிரி இருக்கு."

"ஏங்கிட்டப் பேசிட்டே கெட. உறங்காத."

"சார்ஜ் இல்ல" என்றான். நின்றுவிட்டது.

விஜிலா ஓடுகளை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடி. காலையிலிருந்து எல்லார் வாயிலும் கொடி. இந்தக் கரையில் அது பிறவிப் பழக்கம். அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தால் கட்டுமரத்தில் நிற்கிறவன் கேட்கும் முதல் கேள்வி, என்ன கொடி? ஒருவன் வேலைக்குப் போனால் அவன் பெண்டாட்டியிடம் ஊர் கேட்கும் கேள்வி, என்ன கொடி? நல்ல கொடியென்றால் சம்பந்தம் பேசுவார்கள். மட்டக் கொடியென்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். கப்பல் முழுவதும் கொடிக்காரனுக்கே சொந்தம் என்று பால்குடிக்கும்போதே ஊட்டிவிடுவார்கள். யாரும் அதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

அவளும் கேட்கவில்லை. காலையிலிருந்து ஊரையே ஏளனம் செய்துகொண்டிருந்தவள், உலகத்திலேயே பெரிய பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊர் தேடிய அதே பெயரைத்தான் தேடியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

பட்டியலை விட்டுவிட்டு வாசகத்துக்குத் திரும்பினாள். ஒழுங்குவிதி நான்கு புள்ளி ஒன்று. மருத்துவம். முதல் பத்தி கொடி நாட்டைப் பற்றியது. இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது பத்தியை மூன்று தடவை படித்தாள்.

உடனடி வைத்தியம் தேவைப்படும் கடலோடிகள் தன் எல்லைக்குள் நிற்கும் கப்பல்களில் இருந்தால், அவர்களுக்குத் தன் கரையிலுள்ள மருத்துவ வசதி கிடைப்பதை ஒவ்வொரு உறுப்பு நாடும் உறுதி செய்ய வேண்டும்.

தன் எல்லைக்குள். கப்பல் யாருடையது என்று அந்தப் பத்தி கேட்கவே இல்லை. அது பிடித்து உலுக்குவது கொடிக்காரனை அல்ல, கரைக்காரனை.

கரைக்காரன் யார்?

பட்டியலில் இந்தியா. 2015 அக்டோபர் ஒன்பதில் ஏற்றது. ஒரு வருடம் கழித்து அமலுக்கு வந்தது. அதற்காக 2016இல் உள்நாட்டு விதிகளும் போட்டிருக்கிறார்கள். உடனே அச்செடுத்துக்கொண்டு ஓடத் தோன்றியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இந்தப் பத்தி இன்றும் உயிரோடு இருக்கிறதா? திருத்தப் பக்கத்தைத் திறந்தாள். உயிரோடு இருந்தது மட்டுமல்ல, 2024 டிசம்பரில் அதற்குத் துணைக்கு ஒன்று வந்திருந்தது: அப்படிப்பட்டவரைக் கப்பலிலிருந்து விரைவாக இறக்கவேண்டும் என்று தரநிலையிலேயே, கட்டாயமான ஏ பகுதியிலேயே, எழுதிச் சேர்த்திருந்தார்கள்.

உறுப்பு ஐந்தின் ஏழாவது பத்தியையும் எடுத்துக்கொண்டாள். சேராத நாட்டுக் கொடி கட்டிய கப்பலுக்கு, சேர்ந்த நாட்டுக் கப்பலைவிட அதிகச் சலுகை காட்டக்கூடாது என்றது அது. ஈ உட்கார்ந்தால் மறைகிற தீவுக்கு இதைவிடத் தோதான பதில் வேண்டாம்.

மிச்சமிருந்தது எல்லை. துறைமுகத்துக்கு வெளியே நிற்பதால் இந்தியாவிலேயே இல்லை என்று செந்தூர்வேல் அடுத்துச் சொல்வார். சொல்லாமல் இருக்கமாட்டார். கப்பல்கள் நிற்குமிடத்தைக் காட்டும் செயலியில் லூனா பிரைட்டைத் தேடினாள். கரையிலிருந்து நான்கு கடல் மைல். நம் நாட்டுக் கடல் எல்லை பன்னிரண்டு கடல் மைல். உலகக் கடல் சட்டமும் அதுதான், 1976இல் பாராளுமன்றம் போட்ட சட்டமும் அதுதான். திரையைப் படம் பிடித்துக்கொண்டாள்.

எல்லாமாக ஒரே ஒரு பக்கம். எண், தேதி, எடுத்த இடம். உருக்கம் ஒரு சொல்கூட இல்லை. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வெளியே வரும்போது இரண்டு இருபது.

மத்திய அரசின் கப்பல் துறைக்கு ஊரில் ஓர் அலுவலகம் உண்டு. வெளிநாட்டுக் கப்பலில் ஏறிச் சோதனை போடும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது என்பதையும் அவள் அன்று மதியம்தான் தெரிந்துகொண்டாள். அதிகாரியின் பெயர் இந்துமதி. ஐம்பது வயது, வெட்டிய தலைமுடி, மேஜையில் பாதி கடித்த கொய்யா. அவளை நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினார்.

"மனுவா?"

"இல்ல மேடம்."

"காலையில இருந்து இதே கப்பலைப் பத்தி பர்னபாஸ்னு ஒருத்தர் மெயில் அனுப்பிட்டே இருக்கார். எட்டுப் பக்கம். மனிதாபிமானம், கருணை, கண்ணீர். எதை வச்சி நான் கப்பலைத் தொட? கண்ணீர வச்சா?"

"ஒழுங்குவிதி நாலு புள்ளி ஒண்ணு, பத்தி மூணு மேடம்."

கொய்யாவை நோக்கிப் போன கை நின்றது. தாளை வாங்கினார். படித்தார். பேனாவால் ஒவ்வொரு எண்ணையும் தட்டிக்கொண்டே போனார். ஒருமுறை கணினியில் எதையோ சரிபார்த்தார். விஜிலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐந்து.

"லா காலேஜா?"

"ஜூவாலஜி."

"அதான்" என்றார் இந்துமதி. எது அதான் என்று சொல்லவில்லை. "புதுத் திருத்தமும் எடுத்திருக்க. இந்த ஊர்ல எங்கிட்ட வாரவங்க பூரா கப்பல் பேரக்கூடத் தப்பா எழுதிட்டு வருவாங்க. ஒங்க அண்ணன் படம் இருக்கா? எடு. டாக்டர்ட்ட காட்டணும்."

துறைமுக மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் எழுதினார்: உடனடியாக இறக்கவும். அதற்கப்புறம் இந்துமதி செந்தூர்வேலைக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் இல்லாமலே அந்தக் குரல் அறை முழுவதும் கேட்டது.

"மேடம், அது என்ன கொடின்னா..."

"கொடிய யாருவே கேட்டா? அந்த நாட்டுமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கடமை இந்தியாவுக்கு. நான் இந்தியா. நீரு லாஞ்ச் படகு ரெடி பண்ணும்."

"கப்பல் வெளியில நிக்கி மேடம். இந்தியாவுக்குள்ளேயே..."

"நாலு கடல் மைல்" என்றாள் விஜிலா.

"நாலு கடல் மைல்" என்றார் இந்துமதி. "பன்னெண்டு வரைக்கும் நம்ம வீட்டு வாசல் முத்தம். இன்னொண்ணு கேளும். நான் கையெழுத்துப் போடாம ஆறு மணிக்கு நங்கூரத்தத் தூக்கினா, அடுத்த துறைமுகத்துக்கு என் ரிப்போர்ட் கப்பலுக்கு முந்திப் போய் நிக்கும். கேப்டனுக்கு வெளங்குத மாதிரி சொல்லும்."

மறுமுனையில் யாரிடமோ படகு எங்கே என்று கேட்கும் சத்தம். பிறகு, "அம்பது நிமிஷத்துல லாஞ்ச் வந்துரும் மேடம்."

காலையில் ஓனர் சம்மதம், கேப்டன் சம்மதம், மாற்றாள், இரண்டு நாள் என்று அடுக்கிய அதே வாய்.

ஐந்து பத்துக்கு, இந்துமதி கூடவே போயிருந்த லாஞ்ச் திரும்பி வந்தது. காற்று முரட்டுத்தனமாக இருந்தது; படித்துறையில் நின்ற செந்தூர்வேலின் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால்வரை உப்புத் தண்ணீர். ஸ்டிரெச்சரில் ரெக்ஸ். விஜிலா அவன் முகத்தைப் பார்க்காமல் முதலில் கையைப் பார்த்தாள். சிவப்புக் கோடு முழங்கையைத் தாண்டியிருந்தது. தோளை எட்டவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவர் கட்டைப் பிரித்தார். மோந்து பார்த்தார். "ரெண்டு விரல் போயிரும். கையைக் காப்பாத்திரலாம்னு நெனைக்கேன். நாளைக்கு வந்திருந்தா இந்தப் பேச்சே கெடையாது."

விஜிலா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு ரெக்ஸை வைதாள். "அஞ்சு நாளு என்ன செஞ்சிட்டிருந்த? மொதல் நாளே சொன்னா என்ன?"

"மட்டக் கொடியில ஏறிட்டேன்னு ஊர் சிரிக்கும்லா" என்றான் ரெக்ஸ், உதடு பிரியாமல்.

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பாள். அதற்குள் அவன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். காய்ச்சலில் அந்தக் கை அடுப்பாகச் சுட்டது.

"விஜி, எஞ்சின் ரூம்ல ஒருத்தன் கெடக்கான். மியான்மர்க்காரன். கண்ணு மஞ்ச மசேல்னு இருக்கு. நாலு நாளா ஒண்ணும் இறங்கல அவனுக்கு. லாஞ்ச் வந்ததும் அவனும் பையத் தூக்கிட்டு ஏணிகிட்ட வந்து நின்னான். மேலயே வச்சிக் கேப்டன் ஆளுவ வெரட்டி விட்டுட்டாவ. அவனுக்கு இங்கன யாரு இருக்கா?"

விஜிலா செந்தூர்வேலைத் திரும்பிப் பார்த்தாள்.

"லிஸ்ட்ல ஒரு பேருதான் இருந்துது" என்றார் அவர். "அவன் இந்தியனே கெடையாது தங்கச்சி. ஒங்க அண்ணன் வந்தாச்சுல்லா? போ, போயி ஆஸ்பத்திரியப் பாரு. அவன் ஒனக்கு என்ன மாமனா மச்சானா?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் அந்த ஆள்மேல் கொஞ்சம் மரியாதை வேண்டும். பையிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்தாள். ஈரக் காற்றில் படபடத்த தாளை விரித்து, மூன்றாவது பத்தியில் மறுபடி ஓட்டினாள். கடலோடிகள் என்றுதான் இருந்தது. எந்த நாட்டுக் கடலோடி என்று எழுதியவர்களும் கேட்கவில்லை.

லாஞ்சிலிருந்து இந்துமதி இன்னும் இறங்கியிருக்கவில்லை. ரெக்ஸ் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. விஜிலா தாளை உயர்த்திக் காட்டினாள். அவர் தேவையில்லை என்பதுபோல் கையசைத்துவிட்டு, துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். லூனா பிரைட் புறப்பாடு நிறுத்திவைக்கப்படுகிறது, இன்னொரு நோயாளி. அவ்வளவுதான் பேச்சு.

"கயித்தக் கட்டாதீங்க" என்று லாஞ்ச்காரனிடம் சொன்னார். "அண்ணாச்சி, நீரும் ஏறும். வெரட்டி விட்டது யாருன்னு கேட்டு எனக்கு அடையாளம் காட்டணும்லா, கப்பல் ஆளுக ஒமக்குத்தான பழக்கம்."

"மேடம், எனக்குக் கடல் ஒத்துக்காது. வாந்தி வரும்" என்றார் செந்தூர்வேல்.

இருபது வருடக் கப்பல் ஏஜென்ட். விஜிலா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு அண்ணனின் ஸ்டிரெச்சரை ஆம்புலன்ஸுக்குள் தள்ள ஒரு கை கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள். "எல்லை பன்னெண்டு மைல்தான். வாந்தியெடுத்தாலும் இந்தியாவுக்குள்ளேயேதான் எடுப்பீங்க."